பழைய வீட்டுக் கணினியில் வீடியோ படம் பிடித்தல்: கோளாறைப் படத்திலேயே படிப்பது எப்படி?

1980-களின் வீட்டுக் கணினியான அமிகா 500 மாதிரியான ஒன்றின் பின்பக்கம், வீடியோப் படத்தைக் கணினிக்கு ஏற்ற எண்களாக மாற்றும் டிஜிட்டைசரைச் செருகி, எதிரே கேமராவை நிறுத்தி, முதல் தடவை ஸ்கேன் கொடுக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் நல்ல படம் வருவதில்லை. கோடு கோடாக ஏதோ தெரியும். முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். உடனே கருவி போய்விட்டது என்று முடிவு கட்டி, மூடியைத் திறந்து சிப்பை மாற்றக் கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். கெட்டுப்போன அந்தப் படத்திலேயே காரணம் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிக்கு மேற்பட்ட கோளாறுகளை ஸ்க்ரூடிரைவர் எடுக்காமலே சரிசெய்துவிடலாம்.

1985 ஜூலை 23 அன்று நியூயார்க்கில் நடந்த அமிகா அறிமுக விழாவில், கணினிக்குள் கொண்டுவந்த பாடகி டெபி ஹாரியின் முகத்துக்கு ஓவியர் ஆண்டி வார்ஹால் மேடையிலேயே வண்ணம் தீட்டினார். நியூடெக் நிறுவனத்தின் டிஜி-வியூ டிஜிட்டைசர் அதற்கடுத்த ஆண்டுகளில் அந்த வசதியை வீட்டு மேஜைக்கே கொண்டுவந்தது. காமடோர் 64, ஆப்பிள் II போன்றவற்றுக்குக் கம்ப்யூட்டர்ஐஸ் இருந்தது. பெயர்கள் வேறானாலும் இந்த மலிவு விலைக் கருவிகள் எல்லாம் 'ஸ்லோ ஸ்கேன்' என்ற ஒரே உத்தியில்தான் இயங்குகின்றன. முதலில் அதைப் புரிந்துகொள்வோம். மற்றவை எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

ஏன் இத்தனை மெதுவாக?

பால் (PAL) என்ற டிவி முறையின் வீடியோவில் ஒரு வரி ஓடும் நேரம் 64 மைக்ரோ நொடி. அதில் படம் இருப்பது சுமார் 52 மைக்ரோ நொடி. அதற்குள் 320 புள்ளிகளை எடுப்பதென்றால் நொடிக்கு 60 லட்சத்துக்கு மேல் மாதிரி எடுக்கவேண்டும். காமடோர் 64-இன் செயலி ஒரு வரி ஓடி முடிவதற்குள் மொத்தமே 63 சுழற்சிதான் ஓடுகிறது. அமிகாவின் 68000 செயலி வேகமானதுதான். ஆனால் பிரின்டரும் டிஜிட்டைசரும் செருகும் பேரலல் போர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் 8520 சிப்போடு அது பேசுவது நொடிக்கு ஏறக்குறைய 7 லட்சம் துடிப்புள்ள தனிக் கடிகாரத்தின்படி. ஒரு வரிக்குள் 45 தடவைக்கு மேல் அந்தப் போர்ட்டைத் தொடவே முடியாது.

அதனால் வடிவமைப்பாளர்கள் ஓர் அழகான குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு வரியிலிருந்தும் ஒரே ஒரு புள்ளியை மட்டும் எடுப்பது. முதல் ஃபிரேம், அதாவது வீடியோவின் ஒரு முழுப் படம், ஓடும்போது எல்லா வரிகளின் இடது ஓரப் புள்ளிகளும் கிடைக்கின்றன. அது ஒரு நெடுவரிசை. அடுத்த ஃபிரேமில் அதற்குப் பக்கத்து நெடுவரிசை. இப்படி 320 ஃபிரேம் காத்திருந்தால் முழுப் படம். நொடிக்கு 25 ஃபிரேம் உள்ள பால் முறையில் 12.8 நொடி, 30 உள்ள, அமெரிக்காவில் வழங்கிய என்டிஎஸ்சி (NTSC) முறையில் 10.7 நொடி. சில கருவிகள் ஃபிரேமுக்குப் பதில் அரை ஃபிரேமான ஃபீல்டை வைத்து ஓடும். அவற்றுக்கு இதில் பாதி நேரம் போதும்.

இதிலிருந்து கிடைப்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதற்குமான திறவுகோல்: உங்கள் படத்தில் இடமிருந்து வலம் என்பது காலம். இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் நடுவில் பத்து நொடிக்கு மேல் ஓடியிருக்கிறது. ஆகவே நேரம் போகப் போக மாறுகிற எதுவும் செங்குத்துப் பட்டையாக விழும். வெளிச்சம், அசைவு, கேமராவின் ஆட்டம் எல்லாம் இந்த வகை. ஒரு வரிக்குள் நடக்கிற தவறு, அதாவது சிங்க் (ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் குறிக்கும் துடிப்பு) பிசகு, கேபிள் கோளாறு போன்றவை, கிடைக்கோட்டில் தெரியும். சாய்வாக எதையாவது பார்த்தால் வெளியிலிருந்து ஓர் அதிர்வு நுழைந்து வீடியோவோடு கிட்டத்தட்ட ஒத்து ஓடுகிறது என்று பொருள். முழு ஃபிரேமையும் தன் நினைவகத்தில் ஒரே மூச்சில் பிடிக்கிற விலையுயர்ந்த கருவி உங்களிடம் இருந்தால் இந்தக் கணக்கு பொருந்தாது.

படி 1: செருகுவதற்கு முன்

கணினியை அணைத்துவிட்டுத்தான் டிஜிட்டைசரைச் செருகவேண்டும், கழற்றவேண்டும். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். பேரலல் போர்ட் கம்பிகள் நேராக 8520 சிப்புக்குள் போகின்றன, நடுவில் பெரிய பாதுகாப்பு ஒன்றும் கிடையாது. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது செருகியதால் போன 8520-கள் ஏராளம்.

அமிகா 1000-க்காகச் செய்த டிஜிட்டைசரை அமிகா 500-இலோ 2000-இலோ மாட்டப் போகிறீர்களா? அப்படியென்றால் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள். 1000-இன் பேரலல் போர்ட் ஆண் வகை. பின்னால் வந்தவற்றில் பெண் வகை. கடையில் கிடைக்கிற சாதாரண ஆண்-பெண் மாற்றியைப் போட்டால் பொருந்திவிடும், ஆனால் மின்சாரம் வேறு பின்னில் இருக்கிறது. 1000-இல் 5 வோல்ட் வருவது 23-ஆம் பின்னில். 14-ஆம் பின் தரை (கிரவுண்ட்). 500-இல் 5 வோல்ட் 14-ஆம் பின்னில், 23 தரை. அதாவது தரையாக இருக்கவேண்டிய இடத்தில் மின்சாரமும் மின்சாரம் வேண்டிய இடத்தில் தரையும் வந்துவிடும். இதற்கென்று கம்பி மாற்றிச் செய்த அடாப்டர்தான் வேண்டும். உங்களிடம் உள்ள அடாப்டர் எந்த வகை என்று சந்தேகமாக இருந்தால், மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்து இரண்டு முனைகளின் 14-ஐயும் 23-ஐயும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலைதான்.

அப்புறம் இணைப்பு முனைகளின் செப்பு, பித்தளைப் பரப்பெல்லாம் நாற்பது ஆண்டு அழுக்கில் இருக்கும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிடுங்கள்.

படி 2: மூலத்தைத் தனியாகச் சோதியுங்கள்

கேமராவின் காம்போசிட் வீடியோவை, அதாவது வெளிச்சமும் வண்ணமும் சிங்க்கும் ஒரே கம்பியில் வரும் சிக்னலை, முதலில் ஒரு டிவியிலோ மானிட்டரிலோ கொடுத்துப் பாருங்கள். அங்கேயே மோசமாக இருந்தால் டிஜிட்டைசரைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிவியில் நன்றாகத் தெரிகிறது, டிஜிட்டைசரில் மட்டும் இருட்டாக வருகிறது என்றால், இரண்டையும் ஒரே நேரத்தில் டீ இணைப்பில் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள். வீடியோ சிக்னல், கம்பியின் கடைசியில் 75 ஓம் முடிவுத்தடை (டெர்மினேஷன்) ஒன்றே ஒன்று இருக்கும்போதுதான் தன் அளவான 1 வோல்ட்டில் நிற்கும். இரண்டு கருவியும் ஆளுக்கொரு 75 ஓம் போட்டால் மூன்றில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். எங்குமே முடிவுத்தடை இல்லையென்றால் ஏறக்குறைய இரு மடங்காகி வெள்ளை எல்லாம் வெளுத்துப்போகும். இவை இரண்டும் கருவிக் கோளாறு போலவே தோற்றம் தருபவை.

எந்த மூலம் நல்லது? சொந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கறுப்பு வெள்ளைக் கண்காணிப்புக் கேமரா, அதுவும் காம்போசிட் வெளியீடு உள்ள பழைய அனலாக் வகை. அதற்கு ஈடே இல்லை. வண்ணக் கேமரா கொடுத்தால் வண்ணத் தகவலைச் சுமக்கும் அலையும், பால் முறையில் 4.43 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சியில் 3.58, வெளிச்ச அளவாகவே பதிவாகிவிடும். படம் முழுக்கப் பொடிப் புள்ளி வலை விரித்தது போல இருக்கும். வண்ணம் அழுத்தமாக உள்ள இடத்தில் வலை அடர்த்தியாகவும் வெள்ளைச் சுவரில் காணாமலும் போனால், சந்தேகமே வேண்டாம், அதுதான் காரணம். கேமராவில் எஸ்-வீடியோ முனை இருந்தால் நல்ல வழி ஒன்று உண்டு. அதன் 3-ஆம் பின்னில் வெளிச்சச் சிக்னல் மட்டும் தனியாக வருகிறது, 1-ஆம் பின் அதற்கான தரை. இந்த இரண்டை மட்டும் எடுத்து டிஜிட்டைசருக்குக் கொடுங்கள். வண்ண அலை உள்ளேயே வராது, வலை மறைந்துவிடும்.

வீடியோ டேப்பை நிறுத்தி வைத்து அதிலிருந்து எடுப்பது வேண்டாம். பாஸ் செய்த டேப்பில் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். நம் கண் அதைப் பொறுத்துக்கொள்ளும், பத்து நொடி காத்திருந்து புள்ளி புள்ளியாகச் சேர்க்கிற கருவி பொறுக்காது. சோதனைக்கு அசையாத மூலம் வேண்டுமென்றால் ராஸ்ப்பெரி பை கணினியின் காம்போசிட் வெளியீட்டில் ஓர் அசையாப் படத்தை வையுங்கள். விளக்கும் லென்ஸும் கேமராவும் ஒரேயடியாகக் கணக்கிலிருந்து விலகிவிடும். அதிலும் கோளாறு தெரிந்தால் அது கேபிளுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

படி 3: கணினியைத் தனிமைப்படுத்துங்கள்

ஸ்லோ ஸ்கேன் மென்பொருள் ஒவ்வொரு வரியின் சிங்க்கையும் தவறாமல் கவனிக்கவேண்டும். ஆகவே பின்னணியில் வேறு எதுவும் ஓடக்கூடாது. வேகமான செயலியைச் சேர்க்கும் ஆக்சிலரேட்டர் போர்டு இருந்தால் அணைத்துவிட்டு 68000-இலேயே ஓட்டிப் பாருங்கள். செயலி சுழற்சிகளை எண்ணிக் காத்திருக்கும் பழைய நிரல்கள் வேகமான செயலியில் கணக்குத் தப்பிப் போகும்.

காமடோர் 64-இல் இதே பிரச்சினைக்கு வேறு முகம். அதன் வீடியோ சிப் எட்டு வரிக்கு ஒரு தடவை செயலியை 40 சுழற்சிக்கு மேல் நிறுத்திவைக்கிறது. அதனால்தான் ஸ்கேன் நடக்கும்போது திரை வெறுமையாகிறது. திரை அணைந்தால் பயப்பட வேண்டாம், அது வேண்டுமென்றே செய்வது. அணையாமல், எட்டு வரிக்கு ஒரு வரி பிசகிய படம் வந்தால்தான் மென்பொருளைச் சந்தேகிக்கவேண்டும்.

மென்பொருள் பால் பதிப்பா என்டிஎஸ்சி பதிப்பா என்பதும் கேமராவோடு ஒத்துப்போகவேண்டும். 200 வரிப் படம் 256 வரித் திரையில் கீழே கறுப்புப் பட்டையோடு நசுங்கித் தெரிந்தால் அது கோளாறே அல்ல.

படி 4: சோதனை அட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள்

ஒரு வெள்ளை அட்டையில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாக வெளுக்கும் சாம்பல் பட்டை ஒன்று, சுத்தமான செங்குத்துக் கோடு ஒன்று, மூலைவிட்டமாக ஒரு கோடு, கொஞ்சம் பெரிய எழுத்துகள். அவ்வளவு போதும். இரண்டு விளக்குகளை இரு பக்கமும் 45 பாகைச் சாய்வில் வைத்தால் பளபளப்பு விழாது. பழைய குழாய் வகைக் கேமராவாக இருந்தால் அரை மணி நேரம் சூடேற விடுங்கள்.

இப்போது வரிசையாக மூன்று ஸ்கேன் எடுங்கள். முதலாவது அட்டையை அப்படியே. இரண்டாவது எதையும் தொடாமல் அதே காட்சியை இன்னொரு முறை. மூன்றாவது லென்ஸ் மூடியைப் போட்டுவிட்டு. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்குப் பல நாள் வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது. முதல் இரண்டிலும் கோளாறு அதே இடத்தில் இருந்தால் அது நிலையானது: கருவி, லென்ஸ், சிப். இடம் மாறினால் காலத்தோடு சம்பந்தப்பட்டது: வெளிச்சம், அசைவு, மின் இரைச்சல். மூடி போட்ட பிறகும் இருந்தால் வெளிச்சத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 5: படத்தைப் படியுங்கள்

செங்குத்துப் பட்டைகள். மூடி போட்டதும் மறைந்துவிடுகின்றனவா? அப்படியானால் விளக்கு. ஒருமுறை எனக்கு மூன்று நெடுவரிசைக்கு ஒன்று வீதம் அச்சுப் பிசகாமல் இருட்டடித்தது. கேபிளை மாற்றினேன், கருவிக்குள் கெப்பாசிட்டர்களை மாற்றினேன், இரண்டு மாலைகள் போயின. மூன்றாம் நாள் பகலில் சன்னலோரம் வைத்து எடுத்தபோது பட்டை இல்லை. குழல் விளக்குதான் காரணம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அப்படித்தான் இருந்தாகவேண்டும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுக்குகிறது. என்டிஎஸ்சி கேமரா நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கிறது. ஒரு ஃபிரேமுக்கு 3⅓ மினுக்கல். மூன்று ஃபிரேமுக்கு ஒரு தடவை அதே இடத்துக்குத் திரும்பி வருகிறது. அதனால் பட்டை மூன்றுக்கு ஒன்று. பால் கேமராவை 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் வைத்தால் இதே கணக்கில் ஐந்துக்கு ஒன்று வரும். பட்டைகளை எண்ணினாலே காரணம் தெரிந்துவிடுகிறது. தீர்வு: பகல் வெளிச்சம், அல்லது மினுக்காத நேர்மின்சார எல்ஈடி, அல்லது இழை சூடு தணிவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடுகிற பழைய குண்டு பல்பு.

பட்டைகள் ஒழுங்கில்லாமல் அகலமாக, இரண்டு மூன்று மட்டும் இருந்தால் சன்னலுக்கு வெளியே மேகம் கடந்திருக்கும், இல்லை யாராவது விளக்குக்குக் குறுக்கே போயிருப்பார்கள். ஒரே இடத்தில் வெட்டியது போல் படம் மேலோ கீழோ நகர்ந்திருந்தால் அந்த நொடியில் மேஜை இடிபட்டிருக்கிறது. இடது ஓரத்திலிருந்து எண்ணி எத்தனையாவது நொடி என்றுகூடச் சொல்லிவிடலாம். ஆளை உட்கார வைத்து எடுக்கும்போது மூக்கு நீண்டிருந்தால், ஸ்கேன் மூக்கைக் கடக்கும்போது அவர் தலையும் அதே திசையில் நகர்ந்தது. தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சாய்ந்த பட்டைகள். மூடி போட்டாலும் போகாது. இது மின் இரைச்சல். கேமரா ஒரு சுவர் முனையிலும் கணினி வேறொன்றிலும் இருந்தால், இரண்டின் தரைக்கும் இடையில் ஓடும் சிறு மின்னோட்டம் வீடியோவில் கலக்கிறது. மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் கேமராவின் ஃபீல்டு வேகமும் துல்லியமாக ஒத்துப்போகாததால், நிழல் ஒவ்வொரு ஃபிரேமிலும் சற்றே கீழேயோ மேலேயோ நகர்கிறது. டிவியில் மெல்ல உருளும் நிழலாகத் தெரிவது இங்கே சாய்வுக்கோடாக விழுகிறது. எல்லாவற்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகுங்கள். போகாவிட்டால் கேமராவை பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அதில் போய்விட்டால் வீடியோ வரியில் ஒரு தரைத் தனிமையாக்கி (கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்) போடலாம். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். இரைச்சல் நிற்கும், ஆனால் பழைய கருவியின் உடல் பகுதியில் மின்சாரம் ஏறினால் காப்பாற்ற ஒன்றும் இருக்காது.

செங்குத்துக் கோடு ரம்பப்பல் மாதிரி வருகிறது. அட்டையில் நேராக வரைந்த கோடு மேலிருந்து கீழ் வரை பல்லுப் பல்லாக இருந்தால் வரிகளின் தொடக்கத்தைக் கருவி சரியாகப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியின் இடமும் அந்த வரியின் சிங்க் துடிப்பிலிருந்து இத்தனை மைக்ரோ நொடி என்று கணக்கிடப்படுவதால், துடிப்பைக் கொஞ்சம் முன்னே பின்னே கண்டாலும் புள்ளி இடம் மாறிவிடும். உங்கள் கருவியில் சிங்க் குமிழ் இருந்தால் நடுவில் வைத்து, படம் நிலைக்கும் எல்லையைக் கண்டு, அந்த எல்லையின் மத்தியில் விடுங்கள். முனையில் விட்டால் கருவி சூடானதும் மறுபடி பிசகும். பழைய குமிழ்களின் உள்பரப்பு துருவேறியிருக்கும். கணினியை அணைத்துவிட்டு அந்தக் கடைசி முதல் இந்தக் கடைசி வரை இருபது முப்பது தடவை திருகினாலே பல சமயம் சரியாகிவிடுகிறது. படத்தின் மேல் பகுதி மட்டும் வளைந்திருந்தால் மூலம் டேப்பா என்று பாருங்கள்.

சாம்பல் பட்டை ஒழுங்கில்லை. இங்கேதான் சோதனை அட்டை தன் முழுப் பயனைத் தருகிறது. பட்டை கறுப்பில் தொடங்கி நடுச்சாம்பல் வரை வந்து, சட்டென்று மறுபடி கறுப்புக்கு விழுந்து, திரும்பவும் நடுச்சாம்பலுக்கு ஏறுகிறதென்றால், வெளிச்ச அளவைக் குறிக்கும் எண்ணின் மேல் பிட் (மிகப் பெரிய மதிப்புள்ள இலக்கம்) எப்போதும் பூஜ்யமாக நிற்கிறது. நடுச்சாம்பலிலிருந்து வெள்ளைக்கு இரண்டு தடவை ஏறினால் அதே பிட் எப்போதும் ஒன்றாக நிற்கிறது. இரண்டுக்குப் பதில் நான்கு துண்டாகத் தெரிந்தால் அதற்கு அடுத்த பிட். கீழ்ப் பிட் போயிருந்தால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. முகத்தைப் படம் எடுத்திருந்தால் இதே கோளாறு 'ஏதோ திட்டுத் திட்டாக இருக்கிறது' என்று மட்டும்தான் தோன்றும். அட்டையில் அது வாய் திறந்து பேசுகிறது.

பிட் நின்றுபோயிருந்தால் பேரலல் போர்ட்டின் 2 முதல் 9 வரையிலான பின்களில்தான் பார்க்கவேண்டும். தரவு ஓடுவது அவற்றில். வளைந்த பின், அழுக்கு, கேபிளுக்குள் அறுந்த இழை என்று எளியதிலிருந்து தொடங்குங்கள். 'பிரின்டர் நன்றாக ஓடுகிறதே, போர்ட் சரியாகத்தானே இருக்கவேண்டும்' என்று நினைக்கக்கூடாது. பிரின்டருக்குக் கணினி எழுதுகிறது, டிஜிட்டைசரிலிருந்து படிக்கிறது. எழுதும் வழி நன்றாக இருந்து படிக்கும் வழி மட்டும் இறந்துபோவது உண்டு.

அமிகா 500-இல் ஒரே மாதிரியான 8520 சிப் இரண்டு, சாக்கெட்டில் செருகியபடி இருக்கின்றன. மின்சாரத்தைத் துண்டித்து, கையை உலோகத்தில் தொட்டு நிலைமின்னைப் போக்கிவிட்டு, இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள். ஒன்று பேரலல் போர்ட்டின் எட்டுத் தரவுக் கம்பிகளையும் விசைப்பலகையையும் பார்க்கிறது. மற்றொன்றின் அதே எட்டுக் கம்பிகள் ஃப்ளாப்பி டிரைவை ஆட்டுவிக்கின்றன. மாற்றிய பிறகு படம் சரியாகி, ஃப்ளாப்பி முரண்டு பிடிக்கத் தொடங்கினால் குற்றவாளி கையும் களவுமாகச் சிக்கிவிட்டது. ஃப்ளாப்பி நன்றாகவே ஓடினாலும் படம் தெளிந்துவிட்டால் அந்தச் சிப்பைத்தான் மாற்றவேண்டும். அமிகா 600, 1200 வைத்திருப்பவர்கள் இதை முயல வேண்டாம். அவற்றில் இந்தச் சிப்கள் போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கின்றன.

மேலே வெளுப்பு, கீழே இருட்டு; அல்லது வெள்ளைப் பொருளுக்கு வலப்புறம் கறுப்பு வால். கருவிக்குள் சிக்னல் நுழையும் இடத்திலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வற்றிவிட்டது. அதே மதிப்பு, அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ள புதியதைப் போடுங்கள். இந்த ஒரு கோளாறுக்குத்தான் உண்மையிலேயே சால்டரிங் அயர்ன் தேவை.

படி 6: வண்ணம்

கறுப்பு வெள்ளை சரியாக வந்த பிறகே வண்ணத்துக்குப் போங்கள். கேமரா முன்னால் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களை மாற்றி மாற்றி வைத்து மூன்று தடவை ஸ்கேன் செய்து சேர்ப்பதுதான் முறை. தொலைந்த ஃபில்டர் சக்கரத்துக்குப் பதில் புகைப்படக் கலையில் வழங்கும் ராட்டன் 25 சிவப்பு, 58 பச்சை, 47 நீலம் மூன்றையும் வைத்துக்கொள்ளலாம்.

கேமராவின் தானியங்கி வெளிச்சச் சரிசெய்தலை அணைத்தே ஆகவேண்டும். இல்லையென்றால் நீல ஃபில்டரின் இருட்டைப் பார்த்து அதுவாக வெளிச்சத்தை ஏற்றிவிடும். மூன்று படமும் ஒரே அளவு வெளிச்சத்தில் வந்து, வண்ணச் சமநிலை முழுக்கக் குலைந்துவிடும். காட்சியின் ஓரத்தில் ஒரு வெள்ளை அட்டைத் துண்டு எப்போதும் இருக்கட்டும். மூன்று ஸ்கேனிலும் அது ஒரே அளவு வெளிச்சமாக வரும்படி நீங்களே மென்பொருளில் சரிசெய்யலாம். குண்டு பல்பு வெளிச்சத்தில் நீலம் குறைவு, அதனால் நீல ஸ்கேனில் பொடி இரைச்சல் கூடுதலாகத் தெரிந்தால் அது இயல்பு.

வண்ணங்கள் எல்லாம் சாயம் போன துணி மாதிரி வருகின்றன, மூன்று ஸ்கேனும் பார்க்க ஒன்றுபோல் இருக்கின்றன என்றால், புதியவர்கள் எளிதில் கண்டுபிடிக்க முடியாத காரணம் ஒன்று உண்டு. சிசிடி சென்சார் உள்ள கேமராக்கள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் பார்க்கின்றன. இந்த வண்ண ஃபில்டர்கள் அகச்சிவப்பை அப்படியே உள்ளே விடுகின்றன. குண்டு பல்பில் அகச்சிவப்புக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே மூன்று படத்திலும் அதே அகச்சிவப்புப் படம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. லென்ஸ் முன் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அந்த நொடியில் வண்ணங்கள் உயிர் பெறுவதைப் பார்ப்பது மிகப் பெரிய சந்தோஷம்.

பொருளின் ஓரங்களில் சிவப்பு, நீல விளிம்பு தெரிந்தால் ஃபில்டரை மாற்றும்போது கேமரா நகர்ந்திருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். நீங்கள் பார்ப்பது அமிகாவின் 4096 வண்ண ஹாம் முறையிலா? அந்த முறையில் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போகும்போது சிவப்பு, பச்சை, நீலத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற முடியும். கறுப்பிலிருந்து வெள்ளைக்கு ஒரே தாவலில் போக முடியாமல் நடுவில் இரண்டு மூன்று புள்ளிகளுக்கு வண்ணம் கசியும். அது கேமராவின் தவறும் அல்ல, கருவியின் தவறும் அல்ல. அதே படத்தை 16 சாம்பல் நிறத்தில் காட்டச் சொல்லுங்கள். ஓரம் கூர்மையாக இருந்தால் ஸ்கேன் நன்றாகவே இருக்கிறது. முகத்தின் மென்மையான நிழல்கள் அடுக்கடுக்காகத் தெரிவதும் இந்த வகைதான். ஒரு நிறத்துக்கு நான்கு பிட் என்றால் 16 சாம்பல்தான் கிடைக்கும். ஆகவே கோளாறு தேடும்போதெல்லாம் சாம்பல் காட்சியிலேயே தேடுங்கள்.

படி 7: சேமிப்பது

மென்பொருள் இடம் கொடுத்தால் சேர்த்த வண்ணப் படத்தை மட்டும் சேமிக்காமல் மூன்று ஸ்கேனையும் தனித்தனியாகச் சேமியுங்கள். 320-க்கு 256 புள்ளியில், புள்ளிக்கு ஒரு பைட் என்று வைத்துக்கொண்டால் ஒரு ஸ்கேன் 80 கிலோபைட், மூன்றும் சேர்ந்து 240. 880 கிலோபைட் ஃப்ளாப்பியில் மூன்று காட்சிகள் தாராளமாக அடங்கும். வண்ணச் சமநிலை பிசகியிருந்தால் கேமராவை மறுபடி நிறுத்தாமல் பிறகு சரிசெய்துகொள்ளலாம். ஒவ்வொரு ஃப்ளாப்பியிலும் முதல் கோப்பாக அன்றைய சோதனை அட்டையின் ஸ்கேனை வையுங்கள். அடுத்த மாதம் ஏதோ ஒரு நாள் படம் சற்று மங்கலாகத் தோன்றும்போது, நன்றாக இருந்த நாளின் சாம்பல் பட்டை பக்கத்தில் வைத்து ஒப்பிடத் தயாராக இருக்கும்.